எங்கிருந்து 1500?

மூவ் கட்டளை கொடுத்தாயிற்று. பில்லரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதன் கீழ் இடது மூலையில் ஒரு கிளிக். பிறகு 1500,0 என்று தட்டி எண்டர். பில்லர் வலப்பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். திரையில் பில்லரே இல்லை. "அண்ணே, பில்லர் எங்கயோ போயிருச்சு!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வரும். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால், பிளானுக்கு வெளியே வெற்றிடத்தில் அது தனியாக நிற்பது தெரியும்.

1500,0 என்ற எண் ஜோடி தன்னளவில் எந்த இடத்தையும் காட்டுவதில்லை. வழி கேட்டவரிடம் "நாலு வீடு தள்ளி" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எந்த வீட்டிலிருந்து, எந்தப் பக்கம் என்று அவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எண்ணும் அப்படியே. 'எங்கிருந்து' என்பதற்கு விடை சேரும்போதுதான் அது ஓர் இடமாகிறது. அந்த விடையைச் சேர்க்க ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வழி கண்டது. அத்தனை வழிகளும் இன்று ஆட்டோகேட்டின் ஒரே கட்டளை வரியில் குடியிருக்கின்றன. பில்லர் ஏன் ஓடியது என்று புரிய, இந்த எண் ஜோடி வந்த வழியைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1637இல் லைடன் நகரில் ரெனே டெக்கார்ட்டின் வடிவியல் நூல் அச்சானது. பள்ளிப் பாடத்தில் ஆயத்தொலைவுகள் என்று படிக்கிறோமே, அதன் பிறப்பை அங்கேதான் வைப்பார்கள். அதே ஆண்டுகளில் பியேர் டி ஃபெர்மாவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். டெக்கார்ட்டின் பக்கங்களில் நம் வரைபடத்தாளில் இருப்பதுபோல எக்ஸ், ஒய் என்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு அச்சுகளைத் தேடினால் கிடைக்காது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறார். அதற்கு வசதியான ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் கோட்டில் ஒரு புள்ளியை, இங்கிருந்து தொடங்குகிறேன் என்று வைத்துக்கொள்கிறார். அடுத்த கணக்குக்கு வேறு கோடு, வேறு புள்ளி. ஆதிப்புள்ளி முதல் நாளிலிருந்தே மனிதர் எடுத்த முடிவு என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையில் எங்கும் 0,0 கிடையாது. எதிர்த்திசைக்கு எதிர்க்குறி என்பதெல்லாம் பிறகு மெல்லத்தான் உறுதிப்பட்டது. 1704இல் நியூட்டன் வெளியிட்ட வளைகோடுகள் பற்றிய கட்டுரையில் இரண்டு அச்சுகளும் அவற்றின் எதிர்ப்பக்கங்களும் தயக்கமின்றிப் பயன்படுகின்றன.

ஆனால் வரைபடம் வரைந்து பிழைத்தவர்கள் இந்த முறையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. டிராயிங் போர்டில் ஆதிப்புள்ளி என்று ஒன்று இருந்ததே இல்லை. தாளை ஒட்டி, டி-ஸ்கொயரையோ மினி டிராஃப்டரையோ வைத்து, ஏற்கெனவே வரைந்த சுவர்க்கோட்டிலிருந்து ஸ்கேலால் அளந்து அடுத்த கோட்டைப் போடுவார்கள். எல்லா அளவும் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றிலிருந்துதான். ஒன்றை நகர்த்துவதென்றால் டிரேசிங் தாளில் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு வேறிடத்தில் மறுபடி வரைவது. அந்தப் பழக்கம் வலுவானது, நியாயமானதும்கூட. கட்டட வேலையில் யாரும் "ஆதிப்புள்ளியிலிருந்து 9730" என்று பேசுவதில்லை. "இந்தச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளு" என்றுதான் பேசுவார்கள். பில்லரை நகர்த்தும் விரல்கள் 1500,0 என்று தட்டும்போது மனம் பேசுவது போர்டின் மொழி. வாங்கிக்கொள்ளும் மென்பொருள் பேசுவது கணிதத்தின் மொழி.

இயந்திரங்கள் முதலில் இந்தச் சிக்கலைச் சந்தித்தது வரைபடத்தில் அல்ல, பட்டறையில். 1952இல் எம்ஐடியில் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டினார்கள். கருவிக்கு அனுப்பும் எண், மேசையின் தொடக்கப்புள்ளியிலிருந்து கணக்கிட்டதா, கருவி இப்போது நிற்கும் இடத்திலிருந்தா? இன்று சிஎன்சி நிரலில் இதற்கு இரண்டு தனிக் குறிகள் உண்டு: ஜி90 என்றால் தொடக்கப்புள்ளியிலிருந்து, ஜி91 என்றால் நிற்கும் இடத்திலிருந்து. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் சிஎன்சி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும், ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றதை எழுதினால் கருவி எங்கே போய் முட்டும் என்று சொல்வார்கள். திரையில் ஓடிப்போகும் பில்லரும் அங்கே முட்டி உடையும் கருவியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

1963இல் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற தன் ஆய்வை முடித்தார். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம், வரைந்ததைப் பிடித்து இழுக்கலாம். அங்கே எண்ணைத் தட்ட வேண்டிய தேவையே பெரிதாக இல்லை. பேனா ஒரு கோட்டுக்கோ புள்ளிக்கோ அருகில் போனால் அதையே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஆப்ஜெக்ட் ஸ்நாப்பின் மூதாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன். கையின் தோராயத்தைச் சரிக்கட்ட வந்த அந்த உதவி, பிற்காலத்தில் எண்ணின் துல்லியத்தோடு மோதப்போகிறது.

அடுத்து 1982. கலிஃபோர்னியாவில் ஜான் வாக்கரும் கூட்டாளிகளும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் எழுதியிருந்த இன்டராக்ட் என்ற மென்பொருளிலிருந்து ஆட்டோகேட் உருவானது. நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் காட்டினார்கள், டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அன்றைய சிறு கணினிகளில் மவுஸ் அரிது. படம் வரைகிறவரின் முக்கியக் கருவி விசைப்பலகைதான். ஆகவே எண்ணைத் தட்டுவது அங்கே முதல் வழியாக நின்றது. அதற்கான இலக்கணமும் சுருக்கமாக அமைந்தது. வெறும் 1500,0 என்றால் ஆதிப்புள்ளியிலிருந்து. @1500,0 என்றால் கடைசியாகக் கொடுத்த புள்ளியிலிருந்து. @1500<90 என்றால் கடைசிப் புள்ளியிலிருந்து 90 பாகைத் திசையில் 1500. ஒரே ஒரு சின்னக் குறி 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டின் மேல் எனக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஆனால் அந்தக் குறி விடுபட்டால் மென்பொருள் எச்சரிக்காது. குறி இல்லாத எண்ணும் இலக்கணப்படி சரியான எண்தான்.

நம் பில்லரின் மூலை 8230,4600இல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு வெறும் 1500,0 கொடுத்தால் அந்த மூலை சரியாக 1500,0 என்ற இடத்தில் போய் நிற்கும். அதாவது இடப்பக்கம் 6730, கீழே 4600. வலப்பக்கம் போகச் சொன்னது இடப்பக்கம் போய்விட்டதே என்று திகைக்க வேண்டாம். அது திசையைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்த்தது.

மூவ் கட்டளைக்குள் இதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. அந்தக் கட்டளை இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதல் கேள்வி, பேஸ் பாயின்ட் எது? இரண்டாவது, எந்தப் புள்ளிக்கு? இரண்டாவது கேள்வியின் ஓரத்தில், வெறும் எண்டர் அடித்தால் முதற்புள்ளியையே நகர்வு அளவாக எடுத்துக்கொள்வேன் என்று ஒரு சிறு குறிப்பும் வரும். விசைப்பலகையை நம்பி வேலை செய்பவருக்கு இது நல்ல வசதி. முதல் கேள்விக்கு 1500,0, இரண்டாவதற்கு வெறும் எண்டர். எங்கும் கிளிக் செய்யாமல், @ போடாமல், பொருள் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். இங்கே @ போடவே கூடாது. போட்டால் முதற்புள்ளியே எப்போதோ தொட்ட கடைசிப் புள்ளியிலிருந்து கணக்காகி, நகர்வு அளவு கெட்டுப்போகும்.

குழி எங்கே என்றால், அந்த முதற்புள்ளி தட்டியதா, மவுஸால் கிளிக் செய்ததா என்று கட்டளை வேறுபாடு பார்ப்பதில்லை. மூலையில் கிளிக் செய்துவிட்டு, கவனம் சிதறி ஓர் எண்டர் அடித்தால், அந்த மூலையின் ஆயத்தொலைவுகள் முழுவதும் நகர்வு அளவாகிவிடும். வீட்டுப் பிளான் ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் பில்லர் சில மீட்டர்கள் தள்ளிப் போகும், கண்டுபிடித்துவிடலாம். சர்வே டிராயிங்கில் அப்படி இல்லை. சென்னை நகரின் மையப்பகுதியில் எடுத்த சர்வே, யுடிஎம் முறையின் 44ஆம் வடக்கு மண்டலத்தில் இருந்தால், அங்குள்ள ஒரு புள்ளியின் கிழக்கு அளவு சுமார் 4,21,000 மீட்டர், வடக்கு அளவு சுமார் 14,46,000 மீட்டர். வடக்கு அளவு நிலநடுக்கோட்டிலிருந்து கணக்கிடப்படுவது. அங்கே பேஸ் பாயின்ட்டைக் கிளிக் செய்து ஓர் எண்டர் அடித்தால், பில்லர் வடக்கே 1,446 கிலோமீட்டரும் கிழக்கே 421 கிலோமீட்டரும் போகும். அதே மண்டலக் கட்டத்தில் குறித்துப் பார்த்தால் பீகாரின் வடமேற்கில் விழுகிறது. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் திரை வெற்றாகிவிட்டதுபோலத் தெரிவது இதனால்தான்: ஒரு மூலையில் பிளான் ஒரு புள்ளி, எதிர்மூலையில் பில்லர் ஒரு புள்ளி.

இந்த எண்களைத் தட்டுவதிலும் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரும். காகிதத்தில் 1,500 என்று எழுதுவோம். ஆட்டோகேட்டுக்குக் காற்புள்ளி என்பது எக்ஸையும் ஒய்யையும் பிரிக்கும் குறி. @1,500 என்று தட்டினால் வலப்பக்கம் 1, மேலே 500 என்று படித்துக்கொள்ளும். ஒன்றரை லட்சத்தை 1,50,000 என்று தட்டினால் எக்ஸ் 1, ஒய் 50, இசட் 0. மூன்று எண்களும் ஒழுங்காகப் பிரிந்து நிற்பதால் பிழைச்செய்தி எதுவும் வராது. எக்செலிலிருந்து சர்வேப் புள்ளிகளை நகலெடுத்து ஒட்டுகிறவர்கள், அங்கே எண்களுக்குள் காற்புள்ளி காட்டும் வடிவத்தை நீக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு ஆட்டோகேட் 2006 வந்தது. கர்சரின் பக்கத்திலேயே பெட்டி தோன்றி எண்ணை வாங்கிக்கொள்ளும் டைனமிக் இன்புட் அதில்தான் அறிமுகமானது. போர்டின் மொழி கடைசியில் வென்றது என்று சொல்லலாம்: இந்தப் பெட்டியில் இரண்டாவது புள்ளியிலிருந்து தட்டும் எண்கள், அமைப்பை மாற்றாதவரை, முந்தைய புள்ளியிலிருந்தே கணக்காகும். @ போட வேண்டாம். ஆதிப்புள்ளியிலிருந்துதான் வேண்டுமென்றால் # போட வேண்டும்.

தலைமுறை மாறுகிற இடத்தில் புதுக் குழப்பம் பிறந்தது. டைனமிக் இன்புட்டில் பழகிய இளைஞர், எஃப்12 விசையால் அதை அணைத்து வைத்திருக்கும் மூத்தவரின் கணினியில் உட்கார்ந்து 1500,0 தட்டினால் பில்லர் பறக்கும். @ போட்டே பழகியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கணினியிலும் அவருடைய பில்லர் சரியாகவே நகரும். கர்சர் பெட்டியை விட்டுக் கீழே கட்டளை வரியில் கிளிக் செய்து தட்டினாலும் பழைய இலக்கணமே நடைமுறைக்கு வரும். ஒரே கணினி, ஒரே ஆள், ஒரே எண். தட்டிய இடம் மாறியதால் விடை மாறுகிறது. டைனமிக் இன்புட் இருந்தாலும் @ போடுவதை விடாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். மேலதிகமாகத் தட்டிய ஒரு குறியால் அங்கே எந்தக் கெடுதலும் இல்லை.

1988இல் பத்தாம் வெளியீட்டோடு வந்த யூசிஎஸ், ஆதிப்புள்ளியையும் அச்சுகளின் திசையையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விட்டது. டெக்கார்ட் கணக்குக்குக் கணக்கு கோட்டை மாற்றிக்கொண்ட உரிமை, ஏறக்குறைய முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து டிராஃப்டரின் கைக்கு வந்தது. சாய்ந்த மனையில் கட்டடத்துக்கு இணையாக அச்சைத் திருப்பிவிட்டால் வேலை எத்தனை எளிதாகிறது என்பது செய்து பார்த்தவருக்குத் தெரியும். திருப்பியதை மறந்துவிட்டால்தான் தொல்லை. @1500,0 என்று சரியாகவே தட்டியும் பில்லர் சாய்வாக நகரும். திரையின் மூலையில் இருக்கும் யூசிஎஸ் ஐகானை ஒரு முறை பார்த்தால் போதும். அச்சு எப்படித் திரும்பியிருந்தாலும் உலக ஆயத்தொலைவே வேண்டும் என்றால் எண்ணுக்கு முன் * போடலாம். கோணத்திலும் இதற்கு இணையான ஒரு முரண் உண்டு. ஆட்டோகேட் இயல்பாகக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணும், சர்வேயர் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவார். சர்வேயர் 90 என்று சொன்னால் கிழக்கு. அதை அப்படியே @1500<90 என்று தட்டினால் பொருள் வடக்கே போகும்.

சதர்லேண்டின் ஒளிப்பேனா பழக்கிய அந்தப் பிடிப்பு இங்கே திரும்பி வருகிறது. இயல்பான அமைப்பில், கையால் தட்டிய எண்ணுக்கு முன் ஸ்நாப் தலையிடாது. ஓஸ்நாப்கோஆர்ட் என்ற மாறியை யாராவது 0 ஆக்கியிருந்தால், தட்டிய எண்ணையும் மீறி அருகிலுள்ள கோட்டு முனையை ஸ்நாப் பிடித்துக்கொள்ளும். அலுவலகங்களில் கைக்குக் கை மாறும் லிஸ்ப் நிரல்களில் இது இன்னும் அதிகம். கட்டளைக்கு நிரல் கொடுக்கும் புள்ளியை ஸ்நாப் இழுத்துக்கொண்டு போய்விடும். ஜூம் செய்து பெரிதாகப் பார்க்கும்போது சரியாக ஓடும் நிரல், தூரத்திலிருந்து பார்க்கும்போது தப்பாக ஓடும். ஸ்நாப் பிடிக்கும் வட்டாரம் பிக்சலில் அளக்கப்படுவதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது அதற்குள் மீட்டர் கணக்கில் இடம் அடங்கிவிடுகிறது. நிரல் எழுதுகிறவர்கள் முதல் வேலையாக ஸ்நாப்பை அணைத்துவிட்டு, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இதனால்தான்.

பொருள் தவறான இடத்துக்குப் போனால் அன்டூ கொடுப்பதற்கு முன் அரை நிமிடம் நின்று பாருங்கள். பிழையே தன் பெயரைச் சொல்லிவிடும். பில்லரின் ஒரு மூலை முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஐடி கட்டளையால் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் சாட்சி. போய் நின்ற இடம் நீங்கள் தட்டிய எண்ணாகவே இருந்தால் @ விடுபட்டிருக்கிறது. வித்தியாசம் பேஸ் பாயின்ட்டின் ஆயத்தொலைவாகவே இருந்தால் இரண்டாவது கேள்வியில் எண்டர் விழுந்திருக்கிறது. தூரம் சரியாக 1500, திசை மட்டும் தப்பு என்றால் யூசிஎஸ்ஸைப் பாருங்கள். பக்கத்துக் கோட்டின் முனையில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்நாப்பின் வேலை. ஆயிரம் மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தால் மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்திருக்கின்றன. 25.4 மடங்கு என்றால் அங்குலம்.

மேலிருந்து பார்க்க எல்லாம் சரி, ஆனால் டிஸ்ட் கொடுத்தால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் இசட் பக்கம் திரும்ப வேண்டும். மூன்றாம் பரிமாண உயரம் கொண்ட ஏதோ ஒரு முனையை ஸ்நாப் பிடித்திருக்கும். பொருள் நகர்ந்ததோடு உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். பிளானில் கண்ணுக்குத் தெரியாத பிழை இது ஒன்றுதான், எனவே நான் அதிகம் அஞ்சுவதும் இதற்கே. டிஸ்ட் காட்டும் மூன்று வித்தியாசங்களில் கடைசியில் இருக்கும் இசட்டை யாரும் படிப்பதில்லை. ஓஸ்நாப்இசட் மாறியை 1 ஆக்கினால், ஸ்நாப் பிடிக்கும் புள்ளியின் உயரத்தை விட்டுவிட்டு நடப்புத் தளத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்ளும்.

பெரிய எண்கள் தொல்லை என்று முழு சர்வே டிராயிங்கையே 0,0க்கு நகர்த்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஆட்டோகேட் ஒவ்வோர் எண்ணையும் 64 பிட்டில் வைக்கிறது. சுமார் 15 இலக்கத் துல்லியம் கிடைக்கும். ஆதிப்புள்ளியிலிருந்து வெகு தூரம் போகப் போக, முன்னால் வரும் பெரிய இலக்கங்கள் இடத்தை எடுத்துக்கொள்வதால் பின்னால் நுண்மைக்கு இடம் குறைகிறது. ஹேட்ச் நிரம்பாமல் தகராறு செய்வது இப்படிப்பட்ட டிராயிங்குகளில்தான். ஆனாலும் நகர்த்துவது தீர்வாகாது. கட்டடக்கலைஞர் ஒரு மூலையை 0,0க்குக் கொண்டுவருவார், ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் வேறொரு கிரிட் வெட்டுப்புள்ளியை. மூன்று டிராயிங்கையும் எக்ஸ்ரெஃபாகச் சேர்க்கும் நாளில் ஒன்றும் ஒன்றோடு பொருந்தாது. பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு யூசிஎஸ்ஸைத் தன் பக்கம் கொண்டுவருவது நல்லது. நகர்த்தியே ஆகவேண்டுமென்றால், எவ்வளவு நகர்த்தினோம் என்ற இரண்டு எண்களை டிராயிங்குக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும்.

ஏனென்றால் இந்த எண் ஜோடி திரையோடு நின்றுவிடுவதில்லை. பில்லர் மையங்களின் ஆயத்தொலைவுப் பட்டியல் சைட்டுக்குப் போகிறது. அங்கே டோட்டல் ஸ்டேஷனைத் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியின் மேல் நிறுத்தி, தெரிந்த இன்னொரு புள்ளியைப் பார்த்துத் திசையைப் பூட்டிக்கொண்டு, பிறகுதான் ஒவ்வொரு பில்லருக்கும் முளை அடிக்கிறார்கள். மண்ணில் அன்டூ இல்லை. தவறான முளையின் மேல் குழி தோண்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டுவிட்டால் உடைப்பதுதான் வழி. முதல் முளைக்கு முன் நல்ல சர்வேயர் மூன்றாவதாக ஒரு தெரிந்த புள்ளியில் பிரிசத்தை வைத்துப் படிக்கிறார். கருவி காட்டும் எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஆட்களை நிறுத்திவிட்டு, டிராயிங் அலுவலகத்துக்குப் போன் போட்டு, இந்த டிராயிங்கை யாராவது நகர்த்தினீர்களா, எவ்வளவு என்று கேட்கிறார்.